மாமாவுக்குக் கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருக்கிறாரா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி வந்தது பல்லடம் பக்கம். ஆறு வருடம் ஆகிறது. மாமனாருக்கு 68 வயது, முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். கொஞ்ச காலமாக நான் சொல்வது எதையும் காதில் வாங்குவதில்லை. மகன் சொன்னால் மட்டும் கேட்கிறது. பழைய தறிக்காரக் கூட்டாளிகளோடு டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிறார். 'சுகர் மாத்திரை போட்டாச்சா' என்றால் 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்கிறார். சத்தமாகச் சொன்னால் 'எதுக்கு அம்மணி கத்தற' என்று எரிந்து விழுகிறார். போன மாதம், செவ்வாய்க்கிழமை எங்கள் அம்மா வருவதாகச் சொன்னேன். 'சரி சரி' என்று தலையாட்டினார். செவ்வாயன்று காலையிலேயே எங்கோ கிளம்பிப் போனவர், அம்மா ஊருக்குப் புறப்படும்வரை திரும்பவில்லை. அம்மா முகம் வாடித்தான் போனார். ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய தறியை எடைக்குப் போடலாமா என்று நானும் என் வீட்டுக்காரரும் ஹாலில் மெதுவாகப் பேசியது திண்ணையில் இருந்தவருக்கு எப்படிக் கேட்டது? வேண்டுமென்றே அவமதிப்பவரிடம் எப்படித்தான் பேசுவது? (பெயர் வேண்டாம்.)

பதில்:

உங்கள் கடிதம் முதலில் என்னிடம் வரவில்லை. குடும்பச் சிக்கல்களுக்குப் பதில் எழுதும் மனநல ஆலோசகரிடம் போயிருக்கிறது. அவர் 'முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி' என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு, 'முதலில் நீங்கள் பாருங்கள்' என்று எனக்கு அனுப்பிவிட்டார். நான் ஆடியோலஜிஸ்ட். காது எவ்வளவு கேட்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் மெஷின் பொருத்திக் கொடுப்பது என் வேலை.

கடிதத்தை வைத்து ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்பதற்கு நீங்கள் சாட்சியாக அடுக்கியிருக்கிறீர்களே, மகன் பேச்சு கேட்கிறது, கூட்டாளிகள் பேச்சு கேட்கிறது, கத்தினால் கோபம், மாத்திரைக்குப் பதில் சாப்பாடு, அத்தனையும் காது போய்க்கொண்டிருப்பவர்களைப் பற்றி வீட்டார் என்னிடம் சொல்லும் அதே வரிகள். 'வேணுங்கிறது மட்டும் நல்லாக் கேக்குதுங்க இவருக்கு' என்று சொல்லாமல் என் அறைக்குள் வந்த குடும்பம் குறைவு.

காது கேட்கவில்லை என்றால் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைந்துவிடும், டிவியில் வால்யூமைக் குறைத்த மாதிரி, என்றுதான் நாம் நினைக்கிறோம். வயதாலும் தறிச் சத்தத்தாலும் வரும் குறை அப்படி வருவதில்லை. உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, அதற்குள் வரிசை வரிசையாக மயிரிழைச் செல்கள். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வாங்குகிற செல்கள் வாசல் பக்கத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் அவைதான் முதலில் சாகும். செத்தது திரும்ப முளைக்காது. தறிக்குடோனில் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபெல்லைத் (சத்தத்தின் பலத்தை அளக்கும் அலகு) தாண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு அனுமதிப்பதே 90 டெசிபெல்தான். உங்கள் மாமனார் அதற்குள் முப்பது வருடம் நின்றிருக்கிறார், அந்தக் காலத்தில் காதில் பஞ்சாவது வைத்தாரோ என்னவோ.

இப்போது நம் பேச்சைப் பாருங்கள். ஆ, ஓ, ஊ மாதிரியான உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் (ஒலி எவ்வளவு உயர்ந்தது என்பதற்கான அளவு, எண் ஏற ஏறக் கீச்சென்று இருக்கும்) கீழே இருக்கிறது, அது அவருக்கு நன்றாகவே கேட்கும். 'ச' என்று காற்று உரசும் ஓசை 4000 ஹெர்ட்ஸுக்கும் மேலே போகும். த, ப, க எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகிற மெல்லிய வெடிப்புகள். பேச்சு சத்தமாக இருக்கிறதா என்பது உயிரெழுத்தில் தெரியும், என்ன சொல் என்பது மெய்யெழுத்தில்தான் தெரியும். ஆகவே நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பது பிடிபடவில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் தன் காதில் குறையே தெரியாது. 'இந்தக் காலத்துப் பிள்ளைக வாய்க்குள்ளயே பேசுதுக' என்றுதான் தோன்றும்.

விட்டுப்போன எழுத்துகளை மூளை சும்மா விடாது, தானே இட்டு நிரப்பும். இது காது நன்றாக இருப்பவர்களுக்கும் நடக்கிறது. 1970ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர், பதிவுசெய்த ஒரு வாக்கியத்தில் ஒரே ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே வாக்கியம் முழுசாக இருப்பதாகத்தான் சொன்னார்கள், இருமல் சரியாக எந்த இடத்தில் வந்தது என்றும் சொல்லத் தெரியவில்லை. இல்லாத எழுத்தை மூளை வைத்துவிட்டது, அதுவும் தான் வைத்தது என்ற சுவடே இல்லாமல்.

உங்கள் மாத்திரைக் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள். 'சுகர் மாத்திரை போட்டாச்சா' என்பதில் அவருக்குத் தெளிவாக விழுந்தது கடைசி 'ட்டாச்சா' மட்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு, ஒரு தமிழ் வீட்டில், மருமகள் வந்து '...ட்டாச்சா' என்று கேட்டால் அது என்ன கேள்வியாக இருக்கும்? சாப்பிட்டாச்சா. அவர் மழுப்பவில்லை, தனக்குக் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

அப்படியென்றால் கூட்டாளிகள் பேச்சு எப்படிக் கேட்கிறது? இதுதான் உங்கள் வழக்கில் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம். இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் தறி ஓட்டிய பெண்கள், சத்தத்துக்கு நடுவே பேசிக்கொள்வதற்காக வாயைப் பெரிதாக அசைத்து, முகத்தாலும் கையாலும் சேர்த்துப் பேசும் ஒரு முறையையே உண்டாக்கி வைத்திருந்தார்கள். அதற்கு 'மீ-மாயிங்' என்று பெயர்கூட இருந்தது. நம் ஊரில் பெயர் வைக்கவில்லையே தவிர, தறிக்குடோனில் வேலை பார்த்தவர்கள் பலர் அப்படிப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். நேருக்கு நேர் நிற்பார்கள், வாயை நன்றாகத் திறப்பார்கள், பாதி செய்தியைக் கைதான் சொல்லும். உங்கள் மாமனார் முப்பது வருடமாக உதட்டைப் பார்த்துக் கேட்டுப் பழகியிருக்கிறார், அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். டீக்கடை பெஞ்சில் முகம் எதிரே இருக்கிறது, பேசப்படும் விஷயமும் நூல் விலை, கூலி உயர்வு, யார் வீட்டுக் கல்யாணம் என்று நூறு தடவை பேசியது. பாதி வார்த்தை விழுந்தாலே போதும்.

கண் காதுக்குள் எவ்வளவு தூரம் புகுந்துவிடும் என்பதற்கு 1976ல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் செய்து காட்டிய ஒரு சோதனை உண்டு. காதில் விழுவது 'பா' (பாம்பில் வருகிற இரண்டாவது 'ப' மாதிரி அழுத்தமானது), திரையில் தெரியும் வாய் 'கா' என்று அசைகிறது, பார்ப்பவருக்குக் கேட்பதோ 'டா'. எந்த இடத்திலும் இல்லாத ஓர் ஒலி! கண்ணை மூடினால் மறுபடியும் 'பா'. எனக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன்.

நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்? கடிதத்தில் இல்லை, ஆனால் என் ஊகம் சமையலறையிலிருந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மிக்சியோ குக்கரோ ஓடும்போது. அவருக்கு உங்கள் முதுகுதான் தெரியும். போதாததற்குப் பெண் குரலும் குழந்தைக் குரலும்தான் இந்த வகைக் குறையில் முதலில் நழுவும், மகனின் கட்டைக் குரல் தப்பித்துவிடும். உங்கள் நெல்லைப் பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அம்மா வாராவ' என்று உங்களை அறியாமல் வாயில் வந்திருந்தால், அறுபது வருடமாக 'ங்க'வுக்குக் காத்திருந்து பழகிய கொங்குக் காதுக்கு அது இன்னொரு புதிர். (ஆறு வருடத்தில் பேச்சை மாற்றிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.)

சரி, தறியை எடைக்குப் போடுகிற பேச்சு? ஹாலில் பேசியதில் பாதி உங்கள் கணவரின் குரல். வேறு சத்தம் இல்லாத நேரமாகவும் இருந்திருக்கும். அப்புறம் 'தறி' என்ற சொல். 1959ல் நெவில் மோரே என்பவர், ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொல்லிவிட்டு மறு காதில் கேட்பவரின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கவனிக்காத காதில் விழுந்த வேறு எதுவும் மனசில் நிற்கவில்லை, சொந்தப் பெயர் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிடிபட்டது. முப்பது வருடம் சோறு போட்ட தறி அவருக்குக் கிட்டத்தட்டப் பெயர் மாதிரிதானே. அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். முழு உரையாடல் இல்லை. 'தறி', 'எடைக்கு', அவ்வளவுதான். மகனும் மருமகளும் தனக்குத் தெரியாமல் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட இரண்டு வார்த்தை. மிச்சத்தை அவர் நிரப்பிக்கொண்டார். அவர் என்ன நிரப்பினார் என்று எனக்குத் தெரியாது, நல்லதாக இருந்திருக்காது.

இந்த இடத்தில் உங்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் விட்டுப்போன எழுத்துகளை நிரப்புகிறார், நீங்கள் விட்டுப்போன காரணத்தை நிரப்புகிறீர்கள். பதில் வரவில்லை என்பது மட்டும்தான் உங்கள் கண் முன்னால் நடந்தது. 'அவமதிக்கிறார்' என்பது நீங்கள் வைத்தது, வைத்த சுவடும் தெரியவில்லை. மற்றவர் செய்வதற்கு அவர் குணத்தையே காரணம் காட்டுவோம், சூழ்நிலையைப் பார்க்க மாட்டோம். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977ல் இதற்கு ஒரு கனமான பெயர் வைத்தார், பெயர் நமக்கு எதற்கு. நம் பிள்ளைக்கு மார்க் குறைந்தால் கேள்வித்தாள் கஷ்டம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குறைந்தால் படிக்கவில்லை. அதேதான்.

நானும் இதற்கு விலக்கில்லை. எங்கள் அம்மா போனில் நான் எதைச் சொன்னாலும் 'ம்ம், ம்ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், என் பேச்சில் அவருக்கு அக்கறை போய்விட்டது என்று ஒரு வருடம் மனசுக்குள் புழுங்கினேன். இத்தனைக்கும் பழைய போன் லைன் 300லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், 'ச'வின் உயிரே அதில் போய்விடும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். நல்ல காது உள்ளவர்களே போனில் 'எஸ் ஃபார் சுகுமார்' என்று சொல்லித்தானே பெயரைப் புரியவைக்கிறோம்? அந்த 'ம்ம்' அவர் போட்ட நடிப்பு. கேட்காதபோது கேட்ட மாதிரி இருப்பது.

செவ்வாய்க்கிழமையின் 'சரி சரி'யும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஒரு தடவை 'என்னங்க?' என்று கேட்பார்கள், இரண்டாம் தடவை கேட்பார்கள், மூன்றாம் தடவை வீட்டார் முகம் சுளிக்கும். நாலாவது தடவை தலையாட்டிவிடுவார்கள். தலையாட்டலில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, 'இத்தோடு விட்டால் போதும்' என்பதுதான் இருக்கிறது.

கத்தினால் கோபம் வருவதற்கும் காரணம் காதுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வகைக் குறையில் மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் சத்தம் கொஞ்சம் ஏறினாலே சட்டென்று தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும். நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கிவிடுகிறது. கத்தும்போது உயிரெழுத்துதான் பெரிதாகிறது, அவருக்குத் தேவையான மெய்யெழுத்து அங்கேயே கிடக்கிறது. அதைவிட, கத்தும் முகம் எப்படி இருக்கும்? புருவம் நெரியும், நரம்பு புடைக்கும். முகத்தைப் பார்த்தே கேட்டுப் பழகியவருக்கு உங்கள் சத்தத்தைவிட உங்கள் முகம்தான் முதலில் கேட்கும், அது 'கோபமாக இருக்கிறாள்' என்கிறது.

இசைமேதை பீத்தோவன் 1801ல் தன் டாக்டர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அப்படியே இதைத்தான் சொல்கிறார். மெதுவாகப் பேசினால் ஓசை கேட்கிறது, வார்த்தை தெரியவில்லை, யாராவது கத்தினாலோ தாங்க முடியவில்லை என்று. மறு வருடம், வியன்னா பக்கத்தில் ஹைலிகன்ஷ்டாட் என்ற ஊரிலிருந்து தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்தார். 1827ல் அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. தன்னை முரடன், யாரோடும் ஒட்டாதவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மைக் காரணம் அவர்களுக்குத் தெரியாது, 'சத்தமாகப் பேசுங்கள், எனக்குக் காது கேட்கவில்லை' என்று சொல்ல என்னால் முடியவில்லை என்று அதில் புலம்பியிருக்கிறார். அப்போது அவருக்கு 31 வயது. உலகமே கொண்டாடிய ஒருவருக்கே சொல்ல வாய் வரவில்லை, பல்லடத்தில் மருமகளிடம் ஒரு மாமனார் எப்படிச் சொல்வார்?

இனி செய்ய வேண்டியது. முதலில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் அழுக்கு அடைத்திருந்தால் அன்றைக்கே சரியாகிவிடும், இந்த நீளமான பதிலுக்கும் வேலை இருக்காது. அடுத்தது ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கலாம். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் அது வேறு கதை, அன்றைக்கே ஓட வேண்டும்.

அவரிடம் 'உங்களுக்குக் காது கேட்கவில்லை, டெஸ்ட் எடுக்கணும்' என்று நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் கணவர் சொல்லட்டும். அதுவும் குறையாக இல்லாமல், 'தறி ஓட்டினவங்க எல்லாருமே ஒருக்கா பாத்துக்கணுமாம்ப்பா' என்று. அது பொய்யும் இல்லை. சுகர் பார்க்கப் போகிற அன்றே இதையும் முடித்துவிடலாம். கேட்காமல் இருப்பதை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. முதுமையில் வரும் மறதி நோய்க்கு, மாற்றக்கூடிய 14 காரணங்கள் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் வெளியிட்ட பட்டியலில் காது கேளாமையும் ஒன்று. இதைச் சொல்லி அவரைப் பயமுறுத்த வேண்டாம், உங்களுக்காகச் சொன்னேன்.

மெஷின் போட்டால் மறுநாளே எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் வாரம் பாத்திரச் சத்தம், செருப்புச் சத்தம், தானே முறுக்கு மெல்லும் சத்தம் எல்லாம் அவரை எரிச்சல்படுத்தும், கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். மூளை பழகச் சில வாரமாவது ஆகும். விலை சில ஆயிரத்திலிருந்து லட்சங்கள் வரை இருக்கிறது, ஆடியோகிராம் பார்க்காமல் ஆன்லைனில் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது மட்டும் வேண்டாம்.

அதுவரைக்கும் பேச்சில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள், காசு செலவில்லை. நாம் பொதுவாக விஷயத்தைச் சொல்லிவிட்டு 'மாமா'வைக் கடைசியில் வைக்கிறோம், 'செவ்வாய்க்கிழமை அம்மா வர்றாங்க மாமா' என்று. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் செவ்வாய்க்கிழமை போய்விட்டது. 'மாமா' என்று முதலில் கூப்பிட்டு, அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பும்வரை நில்லுங்கள், அப்புறம் சொல்லுங்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும், வர்றாங்களா வரலையா, வேணுமா வேண்டாமா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. நாமோ அங்கே போய்த்தான் குரலை இறக்குகிறோம். அந்த வாலைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். கேட்கவில்லை என்றால் அதே வாக்கியத்தையே மூன்று தடவை ஏற்றிச் சொல்லாமல் வார்த்தையை மாற்றுங்கள். 'மாத்திரை' விழவில்லையா, மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். 'ஒண்ணுமில்ல மாமா, விடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்காதவர்களை அதைவிட வலிக்கச் செய்கிற வார்த்தை இல்லை என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆடியோகிராமில் எல்லாம் சரியாக இருந்தால்? அப்போது நான் எழுதியது முழுக்கத் தப்பு, கடிதத்தைத் திரும்ப அந்த மனநல ஆலோசகரிடமே அனுப்பிவிடுங்கள். காதும் மந்தமாக இருந்து, மனுஷரும் கொஞ்சம் பிடிவாதக்காரராக இருப்பதும் உண்டு, அந்தப் பிடிவாதத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை.

உங்கள் அம்மாவுக்குப் போன் செய்து, இப்படி இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர் வேறு எதையோ நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த தடவை அவர் வரும்போது வீட்டில் தொங்கும் தினக் காலண்டரில் அந்தத் தேதியை மடித்து, 'அம்மா' என்று பேனாவில் எழுதி, மாமனாருக்கு முன்னால் போய் நின்று காட்டுங்கள்.